தலைவர் உரையும் தேய்மானப் பாடமும்

வேலப்பன்சாவடி நெடுஞ்சாலையில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஆதிமூலம் நினைவு இணையவழிக் கல்லூரியின் கூட்ட அறையில் அன்று காலை இருந்தவர்கள்: தலைவர் பார்த்தசாரதி, அவருடைய மனைவியும் கல்லூரிச் செயலாளருமான பத்மா, மாப்பிள்ளையும் தொழில்நுட்ப ஆலோசகருமான ஸ்ரீராம், கணக்குப்பதிவியல் ஆசிரியை ரேணுகா, காணொளிப் பிரிவைத் தனியாளாக நடத்தும் சபீனா. முதல்வர் கிருபாகரன், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உள்ள தம் வீட்டிலிருந்து திரை வழியாகக் கலந்துகொண்டார். கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில், வாய் பாதி திறந்த நிலையில் அவர் படம் உறைந்துவிட்டது. கடைசிவரை அவர் எதையும் எதிர்க்காததால், எல்லாத் தீர்மானங்களுக்கும் முதல்வர் முழு மனதுடன் ஒப்புதல் அளித்ததாகப் பதிவாயிற்று.

பெயர்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய காரியம் நடந்து முடிந்த பிறகு, நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஊரே திரண்டு வரும். இந்தக் காரியம் நடந்த பிறகோ, இருந்தவர்களில் பாதிப் பேர் அன்று தங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள். நல்ல குடும்பத்தின் கதையைச் சொல்லும்போது வருகைப் பதிவில் குழப்பம் இருக்கக் கூடாது.

நடந்தது சாதாரணக் கூட்டம் அல்ல. கரும்பலகை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கல்வித் துறையில் எடுக்கப்பட்ட மாபெரும் முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டது. கல்லூரியின் நான்கு காணொளி மென்பொருள்களை ஒன்றாக்கிச் செலவைக் குறைப்பது என்பதே அந்த முடிவு.

ஒரு கல்லூரிக்கு எதற்கு நான்கு என்று கேட்பவர்களுக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரியாது. நேரலை வகுப்புக்கான மென்பொருள் சம்பந்தி வீட்டார் வழியாக வந்தது. பாடம் பதிவு செய்யும் மென்பொருளைப் பத்மாவின் தம்பி ராகவன் ‘நமக்குள்ளதானே’ என்று சொல்லி விற்றார். பதிவானதைச் சேமித்து வைக்கும் மென்பொருள், பார்த்தசாரதியின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த நண்பர் ஒருவர் மேடையிலேயே அறிவித்தது. தேர்வு எழுதும்போது மாணவர்களைக் கண்காணிக்கும் நான்காவது மென்பொருள் யார் கொடுத்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. நினைவில்லாத காரணத்தாலேயே அதை நிறுத்த எல்லோருக்கும் பயம். கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கை எந்த மரியாதைப்பட்ட வீட்டிலும் கடையில் திருப்பிக் கொடுப்பதில்லை. மாணவர்கள் நான்கு கடவுச்சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். நினைவாற்றல் வளர்ந்தது.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அது மென்பொருள் அல்ல, தலைவர் உரை.

தொற்றுக் காலத்தில் கல்லூரி தொடங்கப்பட்டபோது திறப்பு விழா நடத்த முடியவில்லை. ஆள் கூடக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பந்தல் இல்லை, பட்டுச் சேலை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தகப்பனார் ஆதிமூலத்தின் பெயரில் ஒரு கல்லூரி, வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சுவது போல ஓசையில்லாமல் தொடங்குவதைப் பார்த்தசாரதியால் தாங்க முடியவில்லை. எனவே அவர் தம் துவக்க உரையைப் பதிவு செய்து, ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் அதைச் சேர்க்கச் சொன்னார். ஒரு விழா நடக்காமல் போனதற்கு ஈடாக, ஒவ்வொரு பாடமும் ஒரு திறப்பு விழா ஆயிற்று.

உரை, பாட்டனார் திருவள்ளூர்ப் பக்கமிருந்து பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்த வரலாற்றில் தொடங்கும். ஆவடித் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தும் தகப்பனாரின் முதுகு ஒருநாளும் வளையாத அதிசயத்தைச் சொல்லும். நடுவில் இரண்டு குறள் வரும். ஏறக்குறைய இருபது நிமிடத்துக்குப் பிறகு, “நிமிர்ந்து உட்காருங்கள். பாடம் தொடங்குகிறது” என்று முடியும். அதற்குப் பின் வரும் பாடம் பெரும்பாலும் உரையைவிடச் சின்னது. உரையைத் தாண்டிச் செல்லும் வசதி, மாணவர்களின் நலன் கருதி நீக்கப்பட்டிருந்தது.

கூட்டத்தில் ஸ்ரீராம்தான் முதலில் பேசினார். முகப்பேரில் அடுக்ககத்தில் குடியிருக்கும் அவர், பகலில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் ஓய்வு நேரத்தில் மாமனாருக்கும் உழைப்பவர்.

“மாமா, நாலையும் மூடிட்டு ‘ஏகம்’னு ஒண்ணு வாங்கிடலாம். நேரலை, பதிவு, சேமிப்பு, கண்காணிப்பு எல்லாம் ஒரே இடத்துல. செலவு ரொம்பக் குறையும்.”

“நாலுன்னா என் தம்பி குடுத்ததுமா?” என்றார் பத்மா.

“அத்தை, நாலுன்னா நாலும்தான்.”

“உங்க சித்தப்பா குடுத்ததும் போகுதா?”

“போகுது அத்தை.”

“அப்ப சரி” என்றார் பத்மா. நீதி சமமாக இருந்தால் எந்த இழப்பையும் தாங்கும் மனம் அவருக்கு.

அப்போது ரேணுகா கையைத் தூக்கினார். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கணக்குப்பதிவியல் முழுவதையும், மகள் வயிற்றில் இருக்கும்போது நாற்காலியில் தலையணை வைத்துக்கொண்டு பேசிப் பதிவு செய்தவர். கடைசிப் பாடத்தில் நடுவே ஒருமுறை ‘அம்மா’ என்று சொல்லிவிட்டு, பிறகு இருப்புநிலைக் குறிப்பை முடித்துவைத்துத்தான் மருத்துவமனைக்குப் போனார்.

“சார், செலவு எங்கே ஆகுதுன்னு பார்த்தா, சேமிப்புலதான். நம்ம பாடத்தோட அளவு கம்மிதான் சார். ஆனா ஒவ்வொண்ணுலயும்...” என்று தொடங்கி நிறுத்தினார்.

“ஒவ்வொண்ணுலயும்?” என்றார் பார்த்தசாரதி.

சபீனா மேசையைப் பார்த்தார். ஸ்ரீராம் மடிக்கணினியைப் பார்த்தார். பத்மா மின்விசிறியைப் பார்த்தார். திரையில் கிருபாகரன் மட்டும் வாயைப் பாதி திறந்து, உண்மையைச் சொல்லப்போகிறவர் போலவே இருந்தார், சொல்லவில்லை.

“ஒவ்வொண்ணுலயும் உங்க உரை இருக்கு சார். அதை ஒரு இடத்துல மட்டும் வெச்சா...”

“ரேணுகாம்மா, என் பேச்சுல எந்த இடம் அதிகம்னு தோணுது? தாத்தாவா, அப்பாவா?”

“அப்படிச் சொல்லலை சார்.”

“சொல்லுங்க, யாரை எடுத்துடலாம்?”

ஒருவருடைய பாட்டனாரையோ தகப்பனாரையோ எடுத்துவிடச் சொல்லும் அளவுக்கு ரேணுகா துணிந்தவர் அல்ல. வேறு விஷயத்துக்குப் போனார். “சார், அந்தப் பொண்ணு அகல்யா. அடுத்த வாரம் பரீட்சை. எழுத விடலாமா?”

தலைவரின் முகம் இறுகியது. அகல்யா செய்தது சின்னக் குற்றம் அல்ல. பாடங்களைத் தன் கைபேசியில் பதிவு செய்து, தலைவர் உரையை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தைச் சக மாணவர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். இவை ‘தலையில்லாப் பாடங்கள்’ என்ற பெயரில் அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரை பரவின. விஷயம் தெரிந்ததும் ‘கல்லூரிச் சொத்தைத் திருடியதற்காக’ என்று குறிப்பிட்டு அவளை நீக்கிவைத்துக் கடிதம் போனது. அந்த வாசகத்தைப் பார்த்தசாரதியே தேர்ந்தெடுத்தார்.

“குடும்பத்தோட தலையை வெட்டினவளுக்கு மன்னிப்பு கிடையாது. அடுத்த தீர்மானம்” என்றார்.

அடுத்த தீர்மானம் என்று ஒன்று இல்லாததால், கூட்டம் தேநீருடன் முடிந்தது.

‘ஏகம்’ வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பத்மா கற்பூரம் காட்டினார். சபீனா முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து பழைய மென்பொருளிலிருந்த பாடங்களை எல்லாம் புதியதில் ஏற்றியிருந்தார். ஏகம் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, திரையில் ஒரு கேள்வி கேட்டது.

ஸ்ரீராம் படித்தார். “மாமா, ஒரே மாதிரி காணொளிகள் நிறைய இருக்காம். ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்த நகல்களை நீக்கலாமான்னு கேக்குது.”

“நகல் எதுக்கு வெச்சிருக்கோம்?”

“தேவையில்லாத செலவு மாமா.”

“சார், எதுக்கும் நான் ஒரு தடவை பார்த்துட்டு...” என்றார் சபீனா.

“நல்ல நேரம் முடியப்போகுதும்மா” என்றார் பத்மா.

பார்த்தசாரதி எழுந்தார். ரிப்பன் வெட்டக் கிடைக்காத கை அது. முதுகை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலை நீட்டி, ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஏகம் அமைதியாக வேலை செய்தது. சேமிப்பின் அளவைக் காட்டும் நீலக்கோடு சரசரவென்று சுருங்கி, புள்ளிபோல ஆயிற்று.

“பார்த்தீங்களா மாமா, செலவு எப்படிக் குறையுது” என்றார் ஸ்ரீராம். அதே வேகத்தில் பழைய நான்கு மென்பொருள்களின் சந்தாவையும் அவர் நிறுத்தினார். ராகவனுக்கு அது தன்மானப் பிரச்சினை. அன்று மாலையே தம் பக்கம் இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அக்காவுக்கு ‘நல்லா இருங்க’ என்று ஒரு செய்தி அனுப்பினார். அறுபதாம் கல்யாண நண்பரின் நிறுவனமும் மறுநாளே இடத்தைக் காலி செய்தது.

சனிக்கிழமை காலை வணிகச் சட்டம் படிக்க உட்கார்ந்த ஒரு மாணவன், தலைவர் உரையை முழுக்க ஓடவிட்டுவிட்டுப் பாடத்துக்குக் காத்திருந்தான். ரேணுகா தோன்றி, இயந்திரங்களுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் தேய்மானம் பற்றி விளக்கினார். அவன் பொருளியலைத் திறந்தான். தலைவர் உரை; தேய்மானம். தமிழ்ப் பாடத்தைத் திறந்தான். தலைவர் உரை; தேய்மானம்.

சபீனாவுக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு காணொளிகள் ஒன்றா, வேறா என்று பார்க்க, ஏகம் அவற்றின் முதல் ஐந்து நிமிடத்தை ஒப்பிடும். ஆதிமூலம் நினைவு இணையவழிக் கல்லூரியின் ஒவ்வொரு பாடத்திலும் முதல் ஐந்து நிமிடம் பாட்டனார் பூந்தமல்லிக்கு வந்துகொண்டிருந்தார். ஆகவே இது ஒரே ஒரு பாடத்தின் பல நகல்கள் என்று ஏகம் முடிவு செய்தது. அகர வரிசையிலோ, தற்செயலாகவோ, தேய்மானம் மிஞ்சியது. சபீனா முதலில் எடுத்த மூலப் பதிவுகள், அதற்கு முந்தைய சிக்கன நடவடிக்கையில் அழிக்கப்பட்டிருந்தன.

செய்தி கேட்டதும் பார்த்தசாரதி முதலில் கேட்டது: “உரை பத்திரமா இருக்கா?”

“இருக்கு சார். அது மட்டும்தான் இருக்கு” என்றார் சபீனா.

ரேணுகா ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போயின. யாரிடம் என்றில்லாமல், “என் பொண்ணு பொறக்கிறதுக்கு முன்னாடி என் குரல் அதுலதான் சார் இருந்தது” என்றார். “திங்கக்கிழமை பசங்க எதைப் படிச்சுட்டுப் பரீட்சைக்கு வருவாங்க?”

பார்த்தசாரதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆள்காட்டி விரல் உள்ளே மடங்கியிருந்தது.

சபீனாதான் மெதுவாகச் சொன்னார். “சார், பாடம் எல்லாம் ஒரு இடத்துல இருக்கும். தலை மட்டும் இருக்காது.”

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் அகல்யாவின் வீடு தரைத் தளத்தில் இருந்தது. ஸ்ரீராம் காரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, அதைவிட்டு இறங்க மறுத்துவிட்டார். தொழில்நுட்ப ஆலோசனை காரிலிருந்தும் வழங்கலாம் என்பது அவர் கருத்து. பார்த்தசாரதியும் ரேணுகாவும் மட்டும் கதவைத் தட்டினார்கள். அகல்யாவின் தாயார் ராணி திறந்தார். கையில் மாவு அப்பியிருந்தது. வந்தவரை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாட்டனார் வரலாற்றோடு சேர்ந்துதான் அவரைத் திரையில் பார்த்திருக்கிறார்.

“அட, முன்னாடி பேசற சார்” என்றார் ராணி. “இன்னா சார், இம்மாந்தூரம்?”

“அகல்யா இருக்காளாம்மா?”

“கீறா. நீங்க குட்த்த லெட்டர படிச்சதுலருந்து ஊட்டவுட்டு எங்கயும் போல.”

பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார். தாம் வந்த காரியத்தை ‘கல்லூரியின் காணொளிச் சொத்துக்களை மீளத் தொகுக்கும் முயற்சி’ என்று விளக்கினார். ராணி முழுவதையும் கேட்டுவிட்டு ரேணுகாவைப் பார்த்தார்.

“இன்னா சொல்றாரு டீச்சர்?”

“பாடம் எல்லாம் அழிஞ்சு போச்சும்மா. அகல்யாகிட்ட இருந்தா வேணும்.”

ராணி இடுப்பில் கையை வைத்தார். மாவு சேலையில் ஒட்டியதைக் கவனிக்கவில்லை. “நல்லாகீதே நாயம். எம்பொண்ண திருடின்னு எழுதி, குவாட்டர்ஸ் பூரா தெரிய வெச்சீங்க. இப்ப அந்தத் திருட்டு சாமானையே கேட்டுகினு வந்துகீறீங்க?”

“அதிலே ஒரு வார்த்தை கூடிப்போச்சு” என்றார் பார்த்தசாரதி.

“எந்த வார்த்த சார்?”

அவர் பதில் சொல்வதற்குள், உள்ளே எங்கோ அவருடைய குரலே கேட்டது. “நிமிர்ந்து உட்காருங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். நிமிர்ந்து...” அகல்யா கைபேசியோடு ஓடிவந்து, அதை அமுக்கி நிறுத்தி, அங்கே நிற்பது யார் என்று பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அலாரம் சார்” என்றாள். “உக்காந்து படிக்கறப்போ தூங்கிடுவேன். அதுக்காக அந்த ஒரு வரிய மட்டும் எடுத்து வெச்சேன்.”

பார்த்தசாரதியின் நெற்றியில் இருந்த கோடு ஒன்று தளர்ந்தது. “மத்ததெல்லாம் இருக்காம்மா? வணிகச் சட்டம், பொருளியல்?”

“எல்லாம் இருக்கு சார். நீங்க மட்டும் இல்ல.”

“கணக்குப்பதிவியல் கடைசிப் பாடம்?” என்றார் ரேணுகா.

“இருக்கு மிஸ். நடுவுல ‘அம்மா’ன்னு கத்துவீங்களே, அதக்கூட வெட்டல.”

ரேணுகா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அகல்யா தன் சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவைக் கழற்றினாள். கல்லூரி முழுவதும் அதில் இருந்தது. இடம் மிச்சமும் இருந்தது. நான்கு மென்பொருள்களுக்கும் ஒரு ஏகத்துக்கும் முடியாத ஒருங்கிணைப்பை ஒரு சாவிக்கொத்து செய்து முடித்திருந்தது. பார்த்தசாரதி கையை நீட்டினார். ராணி நடுவில் வந்து அதை வாங்கிக்கொண்டார்.

“சார், லெட்டர் அனுப்பனீங்க. அத நாங்க மட்டுமா படிச்சோம்? எம்பொண்ணு திருடி இல்லன்னு எல்லாருக்கும் தெரியணும்.”

“இன்னொரு கடிதம் அனுப்பறேன்.”

“லெட்டரு வேணாம். எல்லா பாடத்துலயும் முன்னாடி வந்து பேசறீங்க இல்ல? அங்க சொல்லுங்க.”

“அது என் தகப்பனாரைப் பத்திச் சொல்ற இடம்மா.”

“அவரு நல்ல மன்சன்னுதான சொல்றீங்க. அந்த எடத்துல சொன்னா அவரு கோச்சிக்க மாட்டாரு.”

குடியிருப்பின் மைதானத்தில் யாரோ மட்டையால் பந்தை அடிக்கும் சத்தம் கேட்டது. பார்த்தசாரதி நிமிர்ந்தே நின்றார். அந்த நிமிர்வுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பாட்டனார் பூந்தமல்லிக்குள் நுழைவதை ஒரு தராசுத் தட்டிலும், திங்கட்கிழமைப் பரீட்சையை இன்னொரு தட்டிலும் அவர் வைத்துப் பார்த்திருக்கலாம். கடைசியில், “இங்கேயே எடுத்துடலாம். ரேணுகாம்மா, போனைப் பிடிங்க” என்றார்.

ராணி முகம் துடைக்கத் துண்டு கொடுத்தார். பின்னால் தெரியும் துணிக்கொடியை அகல்யா இழுத்து ஒதுக்கினாள். பார்த்தசாரதி சொன்னார்:

“மாணவி அகல்யா எதையும் திருடவில்லை. அப்படிச் சொன்னது நான், அது தவறு. நிமிர்ந்து உட்காருங்கள். பாடம் தொடங்குகிறது.”

அவ்வளவுதான். ரேணுகா கைபேசியை இறக்காமல் காத்திருந்தார். தலைவர் மேலும் பேசுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

திங்கட்கிழமை பரீட்சை நடந்தது. அகல்யாவும் எழுதினாள். அவ்வளவு சிறிய முன்னுரையை ஏகம் பொருட்படுத்தாததால் பாடங்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில், சேமிப்புச் செலவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்காக ஸ்ரீராமுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. ராகவன் மறுபடியும் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கிவிட்டார். கையில் வேறொரு மென்பொருள் இருப்பதாகத் தெரிகிறது. முதல்வர் கிருபாகரன் இந்த முறை நேரிலேயே வந்து, சென்ற கூட்டத்தில் தாம் ஏதோ சொல்ல வந்ததாகவும், அது என்னவென்று மறந்துவிட்டதாகவும் கூறினார். பழைய உரையைக் கைவிடவில்லை. பத்மாவின் வற்புறுத்தலால், அது ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் முழுமையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதையொட்டி அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ஒரு வதந்தி உலவுகிறது. உரை கடைசிக்குப் போன நாளிலிருந்து அதை ஒருவரும் முழுதாகக் கேட்பதில்லையாம். இது முற்றிலும் தவறு. அது முன்னால் இருந்தபோதும் ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. மற்றதை எல்லாம் அழித்து உரையை மட்டும் காப்பாற்றிய ஏகம்கூட ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டது. பொத்தானை அழுத்தியவர் உட்பட, அந்த அறையில் இருந்த யாராவது ஒருவர் எப்போதாவது இறுதிவரை கேட்டிருந்தால், அதற்குப் பிறகு பாடம் என்று ஒன்று வருகிறது என்பது நினைவுக்கு வந்திருக்கும்.